தடுத்தவனுக்கு எந்தக் கணக்குல புள்ளி?

மக்களே, இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால இந்தப் பதிவு. கிரிக்கெட் இல்லை, கால்பந்து. "கள்ளக்குறிச்சிக்காரனுக்கும் கால்பந்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு கேக்குறவங்க கொஞ்சம் பொறுங்க, ஊருக்கு வர்றேன்.

ஜர்னைல் சிங். இந்தியா பார்த்த தடுப்பாட்டக்காரர்களில் முதல் வரிசை ஆள். 1936-ல் லயால்பூரில் பிறந்தவர். இன்னிக்கு அது பாகிஸ்தானின் ஃபைசலாபாத். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடினார். கல்கத்தாவில் பத்து வருஷம் போல மோகன் பகான் கோட்டையைக் காத்தார். 1964-ல் அர்ஜுனா விருது. பிறகு இந்திய அணியின் கேப்டன். 2000-ல் கனடாவின் வான்கூவரில் காலமானார்.

சரி, இவரைப் பத்தி யாரைக் கேட்டாலும் எந்தக் கதையைச் சொல்வாங்க? 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. லீக் ஆட்டத்துல தாய்லாந்தோட மோதும்போது தலையில அடிபட்டு தையல் போட்டாச்சு. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் என்ன செஞ்சார்? கட்டோட இருந்த மனுஷனைத் தடுப்பிலிருந்து எடுத்து முன்னால சென்டர் ஃபார்வர்டா நிறுத்திட்டார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிரா ஒரு கோல். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிரா இன்னொண்ணு. இந்தியா 2-1, தங்கம்!

அருமையான கதைதான், மறுக்கலை. 2024-ல் ரஹீமை வச்சு 'மைதான்'னு இந்திப் படமே வந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க. வாழ்க்கை முழுக்க கோலைத் தடுத்த மனுஷனை, அவர் அடிச்ச கோலை வச்சுத்தான் ஞாபகம் வச்சிருக்கோம். அவர் தடுத்தது எத்தனைன்னு எந்த ஸ்கோர் புத்தகத்துலயும் இல்லை.

இன்னொரு விஷயம். இதே கொரியா லீக் ஆட்டத்துல நம்மளை 2-0ன்னு ஜெயிச்ச அணி. இறுதி ஆட்டத்துல அவங்களை ஒரே கோலோட நிறுத்தினது யாரு? ஜர்னைல் முன்னால போனதால பின்னால நின்ன அருண் கோஷ், சந்திரசேகர், திரிலோக் சிங். கோல் காத்த பீட்டர் தங்கராஜ். இதுல எத்தனை பேர் நமக்குத் தெரியும்? "கோல் அடிச்சாத்தானே சார் ஜெயிக்க முடியும்"னு சொல்வீங்க. சரிதான். கொரியா இன்னொண்ணு போட்டிருந்தா அந்த 2-1 என்னவாகியிருக்கும்?

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. ஐரோப்பாவின் பலோன் டி'ஓர் விருது 1956-லிருந்து இருக்கு. அதை வாங்கின தடுப்பாட்டக்காரர்கள் மூணே பேர்: பெக்கன்பவர் (1972, 1976), சாமர் (1996), கன்னவாரோ (2006).

இப்ப ஊருக்கு வருவோம். கச்சிராயப்பாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை வரைக்கும் போங்க, பொங்கல் சமயத்துல ஊருக்கு ஊர் கபடிதான். அங்க பாடிப் போறவனுக்குக் கைத்தட்டல் உண்டு. காலைப் புடிச்சுக் கவுத்தவனுக்கும் அதே அளவு விசில் உண்டு. ஏன்? புடிச்சா ஒரு புள்ளி! விதியிலேயே எழுதியிருக்கு. சிறந்த ரைடருக்கு ஒரு பரிசுன்னா சிறந்த கேட்சருக்கும் தனியா ஒண்ணு கொடுப்பாங்க. தடுக்குறதும் ஒரு சாதனைன்னு கபடிக்குத் தெரிஞ்சிருக்கு. கால்பந்துக்குத் தெரியலை.

அதே மலையடிவாரத்துப் பள்ளிக்கூட மைதானத்துல கால்பந்துக்கு அணி பிரிக்கிறதைப் பாருங்க. வேகமா ஓடுறவன் எல்லாம் ஃபார்வர்ட். மிச்சம் இருக்குறவன்கிட்ட "நீ போய் பேக்ல நில்லு". தண்டனை மாதிரி! அந்தப் பையன் அன்னிக்கே ஆட்டத்தை வெறுத்துடுவான். அவனுக்குள்ள ஒரு ஜர்னைல் சிங் இருந்தாலும் நமக்குத் தெரியப் போறதில்லை.

பொட்டி தட்டுற எனக்கு இது நல்லாவே புரியுது. நான் சப்போர்ட் டீம். புதுசா ஒண்ணு கட்டினவனுக்கு மேடையில கேடயம். ராத்திரி முழுக்க சர்வர் படுக்காம பார்த்துக்கிட்டவனுக்கு? "ஒண்ணும் நடக்கலையே"ன்னு ஒரு வார்த்தை. அந்த 'ஒண்ணும் நடக்கலை'தான் அய்யா எங்க வேலையே!

பெரிய புரட்சி எல்லாம் கேக்கலை. பள்ளி, ஊர் போட்டி நடத்துறவங்க கபடியைப் பார்த்து, சிறந்த தடுப்பாட்டக்காரருக்கும் ஒரு கோப்பை வையுங்க. ஆயிரம் ரூபா கூட ஆகாது. நீங்க அடுத்த ஆட்டம் பார்க்கும்போது ஒரு பத்து நிமிஷம் பந்தை விட்டுட்டு, பின்னால நிக்குற ஒருத்தனை மட்டும் பாருங்க. அவன் எங்க நகர்றான், யாரை மறிக்கிறான், எத்தனை வாய்ப்பு பிறக்குறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போகுதுன்னு.

உங்க ஊர்ல இப்படிப் பின்னால நின்னே காலத்தை ஓட்டின ஆட்டக்காரர் யாராவது இருந்தா ஒரு பதிவு போடுங்க மக்களே. கோல் அடிச்சவங்களைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க.