நேற்றைக்குச் செல்லும் வழி

கருந்துளைக்குள் புகுந்தால் நேற்றைக்குத் திரும்பலாம், ஒளியை விஞ்சி விரைந்தால் செய்த தவற்றைச் செய்யாததாக்கலாம் என்றெல்லாம் மேடைகளில் முழங்குவோர் பெருகிவிட்டனர். அறிவியலே சொல்லிவிட்டது என்பது இவர்தம் பல்லவி. எந்த அறிவியல் சொன்னது என்று நாம் கேட்கிறோம்.

கருந்துளைக்கு அருகிலிருப்பவரின் கடிகாரம், தொலைவிலிருப்பவரின் கடிகாரத்தைவிட மெதுவாக ஓடும் என்பது மெய்யே. அங்கே தங்கி மீள்பவர், தம் வயதினர் மூப்படைந்திருக்கக் காண்பார். ஆயின், அது நாளைக்கு விரையும் பயணம். நேற்றைக்கு மீளும் வழியன்று. இரண்டையும் ஒன்றாய்க் குழைப்பதே இவர்களது முதற் புரட்டு.

ஒளியை விஞ்சும் வேகம் பற்றிய ஆரவாரமோ இதனினும் பெரிது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோவுக்கு, நிலத்தினூடே ஏறத்தாழ 730 கிலோமீட்டர் கடந்த நியூட்ரினோ துகள்கள், ஒளியைவிட 60 நானோ வினாடி முந்தி வந்ததாக 2011 செப்டம்பரில் ஒபெரா ஆய்வுக் குழுவினர் அறிவித்தனர். அளந்தவர்களே ஐயுற்று, பிறரும் ஆராயுமாறு வேண்டினர். கேட்டவர்களோ ஐன்ஸ்டைனுக்கு அன்றே கருமாதி செய்துவிட்டனர்! இவர்கள் வானத்தைச் சற்றே அண்ணாந்து பார்த்திருக்கலாம். 1987-இல் நம் கண்ணுக்கு வெடித்துத் தெரிந்த விண்மீனின் ஒளியும் நியூட்ரினோக்களும், ஏறத்தாழ 1,68,000 ஒளி ஆண்டுத் தொலைவைக் கடந்து, சில மணி நேர இடைவெளியில் வந்து சேர்ந்தன. ஒபெரா கண்ட வேகத்தில் அவை வந்திருந்தால், ஒளிக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே வந்திருக்க வேண்டும். 2012-இல் உண்மை வெளியாயிற்று: சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழைக் கம்பியே பிழைக்குத் தலையாய காரணம். கருமாதி செய்தவர்களுள் எத்தனை பேர் அதை மேடையேறிச் சொன்னார்கள்?

ஒளியை விஞ்சிச் செய்தி விடுக்கக்கூடுமாயின், சார்பியல் கோட்பாட்டின்படி, அனுப்பு முன்னரே அதற்கு மறுமொழி பெறவும் கூடும். மறுமொழியைக் கண்டபின் செய்தியையே அனுப்பாது விட்டால், அந்த மறுமொழி எங்கிருந்து வந்தது? நடந்ததை நடவாததாக்குதல் தன்னுள்ளே முரண்படுவது, ஆதலின் அது இறை வல்லமைக்குள்ளும் அடங்காது என்று புனித தோமாஸ் அக்வினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே வாதிட்டார். இறைவனுக்கே இல்லையென்று அவர் கண்ட ஆற்றலை இவர்கள் ஓர் இயந்திரத்துக்கு எளிதாய் வழங்கிவிடுகின்றனர். அநீதிக்கு உள்ளானவர் அடுத்த தெருவில் உயிரோடிருக்க, அவரிடம் போகாமல் நேற்றைக்குப் போக வழி தேடுவது எவ்வளவு வசதியானது!

இயற்கை விதிகளே கடந்தகாலப் பயணத்தைத் தடுத்துவிடும் என்று 1992-இல் ஸ்டீபன் ஹாக்கிங் எழுதினார். இன்றுவரை அது நிறுவப்படவில்லை. அவரும் அதற்கு ஊகம் என்றே பெயரிட்டார்.