பாதி வேலையில் டிரைவரைத் தொடாதீர்கள்

"புது டிரைவர் வந்தாச்சு, போட்டுட்டீங்களா?" என்று கேட்பவர்கள் ஒரு கட்சி. "ஓடுற பொட்டியை ஏன்யா நோண்டுறே?" என்பவர்கள் இன்னொரு கட்சி. நான் ரெண்டு கட்சியிலும் இருந்து அடி வாங்கியவன். அதனால் என் ரெண்டு பைசா.

போன வருஷம் அப்பா அம்மாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். பாட்டியால் மன்னார்குடியை விட்டு நகர முடியவில்லை. "வீடியோவாவது போட்டுக் காட்டுடா" என்றார். மூணு பேர் செல்போனில் எடுத்ததை நொய்டாவுக்குக் கொண்டுவந்து, ஆபீஸ் ஆணி போக மிஞ்சிய ராத்திரிகளில் உட்கார்ந்து கோத்தேன். ஞாயிற்றுக்கிழமை அத்தை பையன் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குக் கிளம்புகிறான். பென் டிரைவில் கொடுத்துவிட்டால் பாட்டி டிவியில் பார்த்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி. முக்கால்வாசி முடிந்த நேரத்தில் படம் திக்கித் திக்கி ஓடியது. "எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்" என்ற இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி, அந்த ஒரு கிளிக்கையும் செய்து தொலைத்தேன். மறுபடி திறந்தால், மாலை மாற்றும் இடம் முழுக்கக் கறுப்பு. நாதஸ்வரம், குருக்கள் மந்திரம், அத்தையின் சிரிப்பு எல்லாம் கேட்கிறது. படம் மட்டும் இல்லை. சனி, ஞாயிறு போராடியும் ரயிலுக்குத் தர முடியவில்லை. (தங்கமணி சொன்னதை இங்கே எழுத முடியாது :-))

என்ன நடந்தது? இப்போது பல செல்போன்கள் எச்.265 முறையில் வீடியோவைச் சுருக்கிவைக்கின்றன. ஐபோன்கள் 2017-ல் இதற்கு மாறின. இதில் ஒரு ஃபிரேமைக் காட்ட முன்பின் ஃபிரேம்களையும் விரிக்க வேண்டும். பிராசசர் தனியாகச் செய்தால் மூச்சு வாங்கும். அதற்கென்றே கிராபிக்ஸ் சிப்பில் தனிச் சுற்று உண்டு. அந்தச் சுற்றுக்கும் எடிட்டிங் மென்பொருளுக்கும் நடுவில் பேசுபவர்தான் டிரைவர். அவர் தப்பாகப் பேசினால் படம் திக்கும், இல்லை கறுப்பாகும். பல லேப்டாப்பில் பிராசசரோடு சேர்ந்த சிப் ஒன்று, தனி கார்டு ஒன்று என ரெண்டு இருக்கும், டிரைவரும் ரெண்டு. என் பொட்டியில் முதல் சிப்புக்குப் பொருந்தாத டிரைவர் ஏறியிருந்தது.

அதற்காக "டிரைவரையே தொடமாட்டேன்" என்பதும் தப்பு. டாவின்சி ரிசால்வ் மாதிரி மென்பொருள்கள் கிராபிக்ஸ் கார்டை நம்பித்தான் ஓடுகின்றன. புதுப் பதிப்பு வந்தால் இன்ன டிரைவராவது வேண்டும் என்று கேட்கும். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கவும் புது டிரைவர் வேண்டும். ஆக, எப்போது போடுவது என்பதுதான் கேள்வி. ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் முன் போடுங்கள். பந்திக்குச் சமையல் நடக்கும்போது யாரும் அடுப்பை மாற்றுவதில்லை.

நான் இப்போது செய்வது:

1. டிரைவரை சிப் தயாரித்தவரிடமோ லேப்டாப் தயாரித்தவரிடமோ நேராக இறக்குகிறேன். இடைத்தரகர் கிடையாது.

2. என்விடியா கார்டு என்றால் 2019 முதல் ரெண்டு வகை டிரைவர்: விளையாட்டுக்கு கேம் ரெடி, எடிட்டிங்குக்கு ஸ்டூடியோ. நமக்கு ஸ்டூடியோ.

3. பழைய ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளுக்கு வழக்கமான புது டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றன. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை என்று அறிவித்திருக்கிறார்கள். அதை வைத்திருப்பவர்கள் எடிட்டிங் மென்பொருளை மாற்றும் முன் கார்டு தாங்குமா என்று பாருங்கள்.

4. எடிட்டிங் நடக்கும் வாரங்களில் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவைக்கிறேன். அதுவும் சத்தமில்லாமல் டிரைவர் இறக்கும்.

5. டிரைவர் போடும் முன் ஒரு ரீஸ்டோர் பாயின்ட். சொதப்பினால் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் போய், கார்டின் டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்'. ஐந்து நிமிஷ வேலை. எனக்கு இது தெரிந்தது ரயில் போன பிறகு.

இன்னொன்று. முதலில் படம் திக்கியதற்கு டிரைவர் காரணமே இல்லை. 4கே படத்தை அப்படியே வெட்டிக்கொண்டிருந்தேன். பிராக்ஸி, அதாவது சின்ன அளவு நகல் போட்டு எடிட் செய்திருந்தால் தீர்ந்திருக்கும்.

பென் டிரைவ் மன்னார்குடி போய்ச் சேர ஒன்றரை மாசம் ஆனது. அதற்குள் பாட்டிக்குப் பார்வை ரொம்ப மங்கிவிட்டது. டிவிக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்து, "மாலை போடறது உங்கப்பனா?" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார். சித்தி பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தார். படம் ஒரு இடத்திலும் திக்கவில்லை.

டிஸ்கி: இதெல்லாம் விண்டோஸ்காரர்களுக்கு. மேக்கில் கிராபிக்ஸ் டிரைவர் இயங்குதளத்தோடு சேர்ந்தே வரும். அங்கே பாதி வேலையில் ஓஎஸ்ஸை மாற்றாமல் இருங்கள்.