இந்தியாவுக்கு வராமலே ஷாஜஹானை வரைந்த ரெம்பிராண்ட்... பழவேற்காட்டைத் தொடும் 23 கோட்டோவியங்களின் கதை!

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ஏறி, பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள். இறாலும் நண்டும் வாங்குவார்கள். சீசன் இருந்தால் பூநாரைகளையும் பார்த்துவிட்டு வீடு திரும்புவார்கள்.

ஊருக்குள்ளேயே இன்னொரு இடம் இருக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டம். அதன் வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் வருகிறவர்களை வரவேற்கும். பிள்ளைகள் முதலில் பயப்படுவார்கள், அப்புறம் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். 'நீயும் ஒருநாள் இப்படித்தான்' என்று சொல்லும் பழைய ஐரோப்பியப் பாணி அது.

டச்சுக்காரர்களுக்குத் திருவள்ளூர் மாவட்டத்து மீனவ கிராமத்தில் என்ன வேலை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், உலகின் மிகப் பெரிய ஓவியர் ஒருவரின் வீட்டு மேஜை வரைக்கும் போகலாம்.

துணிக்காக வந்தவர்கள்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1602-ல். பழவேற்காட்டில் அவர்கள் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டியது 1613-ல். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு இடம் மாறும்வரை, சோழமண்டலக் கரை முழுவதற்கும் அந்தக் கம்பெனியின் தலைமையிடம் இதுதான். சென்னையில் ஆங்கிலேயர்கள் கோட்டை கட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இங்கே டச்சுக் கொடி பறந்தது.

அவர்கள் தேடி வந்தது நம் ஊர்த் துணியை. நம் நெசவாளர்கள் நெய்த துணிக்கும், கலம்காரிக்காரர்கள் சாயம் தீட்டிய துணிக்கும் கிழக்கு நாடுகளில் அவ்வளவு கிராக்கி. அந்தத் துணியைக் கொடுத்துத்தான் இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். கப்பலில் துணி மட்டும் போகவில்லை. பஞ்சத்தில் அடிபட்ட மனிதர்களையும் அடிமைகளாக வாங்கி, இன்று ஜகார்த்தா என்று அழைக்கப்படும் பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். பழவேற்காட்டின் வரலாற்றில் மறைக்கக் கூடாத பக்கம் அது.

சூரத், கோல்கொண்டா என்று முகலாய, தக்காணப் பகுதிகளிலும் இதே கம்பெனிக்கு வியாபாரம் இருந்தது. அந்த வியாபார வழியில்தான் இந்தியச் சிற்றோவியங்கள் ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தன.

கடனில் மூழ்கிய ஓவியர்

அந்த ஆம்ஸ்டர்டாமில்தான் ரெம்பிராண்ட் வாழ்ந்தார். 1606-ல் லெய்டன் நகரில் பிறந்தவர். பேரும் புகழும் வந்த பிறகு, 1639-ல் பெரிய வீடு ஒன்றை வாங்கினார். விலை 13,000 கில்டர்கள். அந்தக் கடனை அவரால் கடைசிவரை அடைக்க முடியவில்லை.

கையில் காசு வந்தால் ஏலத்துக்குப் போய் எதையாவது வாங்கி வருவது அவர் பழக்கம். 1656-ல் திவாலானபோது அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பட்டியல் எடுத்தார்கள். மொத்தம் 363 பதிவுகள். ஓவியங்களோடு கிழக்கிந்தியக் கிண்ணம், ஜப்பானியத் தலைக்கவசம், கடல் சிப்பிகள் எல்லாம் அதில் இருந்தன. சில ஆண்டுகளில் வீடும் கைவிட்டுப் போனது.

வாழ்க்கை இப்படிச் சரிந்துகொண்டிருந்த காலத்தில்தான், ஏறத்தாழ 1656-லிருந்து 1661-க்குள், ரெம்பிராண்ட் முகலாயச் சிற்றோவியங்களை எதிரே வைத்துக்கொண்டு வரைய உட்கார்ந்தார்.

கையில் பூவோடும் இடுப்பில் வாளோடும் நிற்கும் ஷாஜஹான். ஷாஜஹானும் மகன் தாரா ஷிகோவும். தர்பாரில் ஜஹாங்கீர். மரத்தடியில் உட்கார்ந்து பேசும் நான்கு பெரியவர்கள். இவற்றை வரைந்த ரெம்பிராண்ட் நெதர்லாந்தைத் தாண்டி எங்கும் போனதில்லை. தாஜ்மஹால் கட்டிய ஷாஜஹான் அப்போது உயிரோடுதான் இருந்தார். அதாவது, ரெம்பிராண்ட் வரைந்தது பழங்கதை மன்னரை இல்லை, தன் காலத்து மனிதரை!

கையே மாறிப்போனது

ரெம்பிராண்டின் மற்ற கோட்டோவியங்கள் வேகமானவை. நாலு இழுப்பு இழுத்தால் ஒரு ஆள் எழுந்து நிற்பார். இந்தத் தாள்களில் மட்டும் கை நிதானமாகிறது. தலைப்பாகையின் மடிப்பு, கழுத்து மாலை, ஜாமாவின் முடிச்சு, செருப்பின் வளைவு எல்லாவற்றையும் மெல்லிய கோட்டில் பொறுமையாக வரைந்திருக்கிறார். புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த மாணவரைப் போல!

ஆனால், அப்படியே நகல் எடுக்கவும் இல்லை. முகலாய ஓவியத்தில் நிழல் விழாது. ரெம்பிராண்ட் பழுப்பு மையைக் கரைத்துத் தடவி, நிழலைச் சேர்த்தார். ஆட்களின் காலடியில் தரை வந்தது, உடம்புக்குக் கனம் வந்தது.

பெரும்பாலானவற்றை வரைந்த தாளும் சாதாரணமானது இல்லை. ஜப்பானிலிருந்து வந்த வழுவழுப்பான காகிதம். ஜப்பானோடு வியாபாரம் செய்ய அன்று ஐரோப்பியர்களில் டச்சுக் கம்பெனிக்கு மட்டுமே அனுமதி. ஆக, படமும் தாளும் ஒரே கம்பெனியின் கப்பல்களில் வெவ்வேறு திசையிலிருந்து வந்து, ஒரே மேஜையில் சேர்ந்தன.

கற்றதை அவர் பயன்படுத்தவும் செய்தார். ஆபிரகாம் வீட்டுக்குத் தேவதூதர்கள் விருந்தாளியாக வரும் பைபிள் காட்சியை 1656-ல் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார். அதில் விருந்தாளிகள் மேஜை நாற்காலியில் இல்லை. நம் ஊர்ப் பந்தி மாதிரி தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மரத்தடிப் பெரியவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அது.

25-ல் மிஞ்சியது 23

ரெம்பிராண்ட் 1669-ல் இறந்தார். இந்த ஓவியங்கள் ஒரே தொகுப்பாக இங்கிலாந்து ஓவியர் ஜொனாதன் ரிச்சர்ட்சனிடம் போய்ச் சேர்ந்தன. அவர் மறைவுக்குப் பிறகு, 1747-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது அதில் 25 ஓவியங்கள் இருந்தன. இன்று 23 இருக்கின்றன. லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம், பாரிஸின் லூவர், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம், அமெரிக்காவின் கெட்டி மியூசியம் என்று ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கின்றன. 2018-ல் கெட்டி மியூசியம் இவற்றில் பெரும்பாலானவற்றை முகலாய ஓவியங்களோடு பக்கத்தில் வைத்துக் காட்சிக்கு வைத்தது.

அவர் பார்த்து வரைந்த மூலங்களின் கதை வேறு. முகலாயச் சிற்றோவியங்கள் பலவற்றை வியன்னாவின் ஷோன்ப்ரூன் அரண்மனையில் ஒரு அறையை அலங்கரிக்கத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினார்கள். மரத்தடிப் பெரியவர்களின் முகலாய ஓவியமும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. நகல் எடுத்தவரின் தாளை மியூசியம் வெளிச்சம்கூட அதிகம் படாமல் காக்கிறது. மூலம் சுவர் அலங்காரமாகிவிட்டது. அந்தப் பெரியவர்களை முதலில் வரைந்த இந்தியக் கலைஞரின் பெயர் ரெம்பிராண்டின் தாளில் இல்லை.

பழவேற்காட்டுத் துணிக்கும் அதே கதிதான். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் துணியின் வகையும் விலையும் ஏறின. அதில் கோடு போட்டுச் சாயம் தீட்டியவரின் பெயர் ஏறவில்லை.

ஜெல்டிரியா கோட்டை இருந்த இடத்தில் இன்று புதர்தான் மண்டிக் கிடக்கிறது. கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கற்களில் செதுக்கிய டச்சு எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும் உப்புக்காற்றைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன.

அடுத்த முறை பழவேற்காட்டுக்கு இறால் வாங்கப் போனால், அந்த வாசலில் ஒரு பத்து நிமிஷம் நில்லுங்கள். செல்ஃபி தாராளமாக எடுங்கள். கல்லில் பெயர் மட்டும் கிறுக்க வேண்டாம். கூட வரும் பிள்ளைகளிடம், இங்கிருந்து கப்பல் விட்ட கம்பெனி வழியாகத்தான் நம் நாட்டு ஓவியம் போய், ரெம்பிராண்டையே மறுபடி மாணவராக உட்கார வைத்தது என்று சொல்லுங்கள்.