நூலால் ஆவது நூல்

மாணவர் ஒருவர் எமக்குக் கடிதம் வரைந்திருக்கிறார். தமது பாட்டனார் கைப்பட எழுதிய வைத்தியக் குறிப்புக் கொப்பி ஒன்று தையல் விட்டுத் தாள்தாளாக உதிர்கிறதாம். அதைத் தாமே கட்டிவிட எண்ணுகிறாராம். ஆசிரியரின்றி இத்தொழில் கைவருமோ என்பது அவர் வினா. கைவரும் என்பதே எமது விடை. ஆயினும், பாட்டனாரின் கொப்பியில் கைபழகலாகாது.

இங்கிலாந்திலே பாரிஸ்டராக இருந்த கொப்டன் சாண்டர்சன் என்பார் நாற்பது வயதைக் கடந்த பின்னரே புத்தகம் கட்டப் பழகினார். பிற்காலத்தில் அவருடைய தொழிற்சாலையிற் பயின்ற டக்ளஸ் கொக்கரெல் 1901ஆம் ஆண்டு வெளியிட்ட கைந்நூல், தனியே பயில்வோருக்கு இன்றும் துணைநிற்கிறது. விஞ்ஞானி மைக்கேல் பரடேயும் இளமையிற் புத்தகம் கட்டும் தொழிலாளியே. 1812இல் ஹம்பிரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெழுதி, அக்குறிப்புகளைத் தம் கையாலேயே கட்டி அவருக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு டேவியிடமே உதவியாளரானார்.

நம் முன்னோருக்கு இத்தொல்லை இருக்கவில்லை. ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் பலகை வைத்தால் சுவடி முடிந்தது. ஓலை மடியாது, தாள் மடியும். தாளை மடித்து, அம்மடிப்பின் வழியே தைப்பதுதான் புத்தகக்கட்டின் உயிர். பஞ்சிலிருந்து இழை நூற்பதைப் புலவன் நூல் செய்வதற்கு உவமை கூறியது நன்னூல். நாமோ அந்த நூலைக் கொண்டே இந்த நூலைத் தைக்கப் போகிறோம்.

முதலிற் பழக வேண்டியது ஒரே மடிப்புக் கொப்பி. எட்டுத் தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவே மடித்து, கரண்டிக் காம்பினால் மடிப்பை அழுத்துக. தாளுக்கு நார்ப்போக்கு என ஒன்றுண்டு. தாளை மெல்ல வளைத்துப் பார்த்தால், ஒரு திசையில் இணங்கும், மறுதிசையில் முரண்டும். இணங்கும் திசையிலேயே மடிப்பு அமைய வேண்டும். பசையின் ஈரம் பட்டால் தாள் நாருக்குக் குறுக்கே விரியுமாதலால், மாறி மடித்த புத்தகம் முதுகோரம் சுருக்கம் விழுந்து, படிப்பவன் கையில் விறைத்து நிற்கும். புதியவர்கள் கட்டும் புத்தகங்களிற் பல திறக்க மறுப்பதற்குக் காரணம் இதுவே.

மடிப்பில் மேல், நடு, கீழ் என மூன்று துளைகள் இடுக. தடித்த பருத்தி நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள்க. புத்தக உயரத்தைப்போல் மும்மடங்கு நூல் போதும். உட்புறமிருந்து நடுத்துளை வழியே ஊசியை வெளியே விட்டு, மேல்துளையால் உள்ளே வாங்கி, உள்ளே நடுத்துளையைத் தாண்டிச் சென்று கீழ்த்துளையால் வெளியேற்றி, மீண்டும் நடுத்துளையால் உள்ளே கொணர்க. நூலின் இரு நுனிகளும், உள்ளே ஓடும் நீண்ட தையலின் இருபுறமும் வர, அதன்மேல் முடிச்சிடுக. நூலைத் துளைக்கு நேரே இழுத்தால் தாள் கிழியும். மடிப்பின் போக்கிலேயே இழுக்கவேண்டும். இவ்வாறு ஐந்தாறு கொப்பிகள் தைத்த கைக்குத்தான் பல மடிப்புகளைச் சேர்த்துத் தைக்கும் வேலை வசப்படும்.

பசைக்குக் கடையை நாட வேண்டியதில்லை. ஒரு பங்கு கோதுமை மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் கட்டியின்றிக் கரைத்து, மெல்லிய நெருப்பிற் கிளறினால், சற்றே கண்ணாடிபோல் மினுங்கும் கூழாகும். அதுவே பக்குவம். பூச்சி அரிக்காதிருக்க முற்காலத்தில் இதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, நாளடைவில் தாளையும் கெடுக்கும். அன்றன்று வேண்டிய அளவு காய்ச்சிக்கொள்வதே நன்று.

இனி அந்த வைத்தியக் கொப்பி. எவரும் செலோடேப் ஒட்ட முன்வந்தால் முதலில் தடுத்துவிடுக. அதன் பசை மஞ்சளித்துத் தாளினுள் ஊறி எழுத்தையே கறையாக்கும். எழுத்தில்லாத ஒரு தாளின் மூலையை மெல்ல மடித்துப் பார்க்க வேண்டும். மூலை ஒடிந்து விழுந்தால் அத்தாள் தையலைத் தாங்காது. மரக்கூழிற் செய்த பழைய மலிவுத் தாள்களுக்கு நேரும் கதி அது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் சாம்பலாயின. அதன் பின்னர், வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் ஒற்றைப் பிரதியை நாம் பழைய கண்ணால் நோக்க முடிவதில்லை. ஆகவே ஒடியும் தாளாயின், அழகாகக் கட்டும் ஆசையை விட்டு, பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு, அளவான மட்டைப் பெட்டியிற் படுக்கையாக வைத்துவிடலாம்.

தாள் மடிந்து நிமிர்ந்தால் மட்டும் ஊசியை எடுக்கலாம். பழைய துளைகளிலேயே தைக்கவேண்டும். புதுத்துளை ஒன்றும் இடலாகாது. மட்டையின் வெளிப்புறம் துணி ஒட்டினால் உட்புறமும் தாள் ஒட்டுக. இல்லையேல் ஈரம் காயும்போது மட்டை வெளிப்பக்கமாக வளையும். பின்னர் இரு பலகைகளுக்கிடையே வைத்து, மேலே செங்கற்கள் ஏற்றி, மாரிகாலமாயின் இரண்டு நாளாவது திறவாதிருக்க வேண்டும்.