அடிக்கப்படாத துக்கமணி

சென்ற ஆண்டு, நம் தென்மாவட்டங்களுள் ஒன்றில், ஒரு சிற்றூர்ப் பங்கில் நிகழ்ந்த அடக்கத்திற்குச் செல்ல நேர்ந்தது. இறந்தவன் முப்பத்து நான்கு வயது இளைஞன். சிறிய மளிகைக்கடை வைத்திருந்தவன், கடன்பட்டவன், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவன். நம்மூர்களில் ஒருவர் கண்மூடினால் அதை ஊருக்கு அறிவிப்பது கோயிலின் துக்கமணி. வயலில் இருப்போரும் அடுப்படியில் இருப்போரும் அவ்வொலி கேட்டதும் சிலுவை அடையாளம் வரைந்து, யாரென்று அறியாமலேயே ஒரு செபம் சொல்வர். அன்று அந்த மணி ஒலிக்கவில்லை.

பங்குத்தந்தை ஆண்டுத் தியானத்திற்காக வெளியூர் சென்றிருந்தார். உபதேசியார் தயங்கினார், ஊர்ப் பெரியவர்களைக் கேட்டார். அவர்கள் கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில் கூடினர். கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மணி வேண்டாம், சவப்பெட்டி கோயிலுக்குள் வரவேண்டாம், கல்லறைத் தோட்டத்தில் முள்வேலியை ஒட்டிய மூலையில் குழி தோண்டலாம். அந்த இளைஞனின் தாய், யாரென்றே அறியாத என் கையைப் பற்றிக்கொண்டு, "அவனுக்கு மணி அடிக்க மாட்டாங்களாய்யா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரிந்த பின் எழுதும் கட்டுரை இது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வேப்பமரத்தடியில் அமர்ந்து தீர்ப்பளித்தோருள் ஒருவர், அந்த இளைஞனுக்குப் பத்து வட்டிக்குக் கடன் கொடுத்தவர். நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். ஆண்டுக்கு எவ்வளவு என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கடையின் பத்திரம் அவர் பெட்டியில் இருந்தது. கல்லறையிலிருந்து திரும்புகையில் இளைஞர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் இதை வாய்விட்டுச் சொன்னார். உடனே பெரியவர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, மிகுந்த கனிவோடு, "பிறரைத் தீர்ப்பிடக்கூடாது என்பது ஆண்டவர் வாக்கல்லவா, தம்பி?" என்றார். இளைஞர் வாயடைத்துப் போனார். கால்மணி நேரத் தீர்ப்பின்போது அந்தப் பெரியவருக்கு நினைவு வராத ஆண்டவர் வாக்கு, வட்டிக்காரரின் பெயர் எழுந்தவுடன் நினைவுக்கு வந்துவிட்டது!

நான் வழக்காட விரும்புவது இந்த நினைவாற்றலோடுதான். அது அந்த ஒரு பெரியவருக்கு மட்டும் உரியதன்று; நம் பங்குகள் பலவற்றில் ஊறிப்போயிருப்பது. தீர்ப்பிடாதீர்கள் என்னும் கட்டளை, ஏழையின் சாவு வீட்டு வாசலில் மறந்துபோகிறது. செல்வர் வீட்டு வாசலில் காவல் நிற்கிறது.

முதலில் நற்செய்தியைத் திறப்போம். மத்தேயு ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் தீர்ப்பிடுதலைத் தடுக்கிறார். ஆனால் அவர் அங்கேயே நிறுத்திவிடவில்லை. துரும்பையும் மரக்கட்டையையும் பற்றிப் பேசுகிறார். தன் கண்ணில் கட்டையை வைத்துக்கொண்டு அடுத்தவர் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க முனைபவரை வெளிவேடக்காரர் என்று அழைக்கிறார். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் மேடையில் முகமூடி அணிந்து நடிப்பவரைக் குறிப்பது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'வேடம்' என்று மிகப் பொருத்தமாகவே எழுதினர். அதன்பின் ஆண்டவர் சொல்வதென்ன? முதலில் உன் கட்டையை அகற்று. பிறகு உனக்குக் கண் தெளிவாகத் தெரியும். அப்போது சகோதரனின் துரும்பை எடுக்கலாம். கண்ணை மூடிக்கொள் என்று அவர் சொல்லவில்லை. அதே ஆண்டவர்தாம், யோவான் நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், வெளித்தோற்றத்தைக் கொண்டு தீர்ப்பிடாமல் நீதியோடு தீர்ப்பிடும்படி பணிக்கிறார். அவர்தாம், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட செபம் செய்வதுபோல் நடிப்போரை, கூட்டத்தின் நடுவே, கோயிலுக்குள்ளேயே நின்று கண்டிக்கிறார். மாற்கு பன்னிரண்டாம் அதிகாரம். தீர்ப்பிடாதே தம்பி என்று அங்கே எந்தப் பெரியவரும் அவருக்கு அறிவுரை சொன்னதாகக் குறிப்பில்லை.

ஆக, எதைத் தீர்ப்பிடலாகாது? ஓர் ஆன்மா இறைவன் முன் எந்நிலையில் நிற்கிறது என்பதை. அது நம் கண்ணுக்கு எட்டாதது. எதைப் பார்த்தும் பாராதிருக்கலாகாது? நம் நடுவே, நம் கண்ணெதிரே நடக்கும் அநீதியை. அந்த இளைஞனின் கடைசி நொடியில் அவன் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை நாம் அறியோம்; வட்டிக்காரரின் கணக்கு நோட்டை ஊரே அறியும். நாமோ அறியாததற்குத் தீர்ப்பு எழுதினோம். அறிந்ததற்கு இரக்கம் காட்டினோம்.

திருச்சபைச் சட்டம்தானே அப்படிச் சொல்கிறது என்பார் உண்டு. சொல்லியது, இப்போது சொல்லவில்லை. ஆறாம் நூற்றாண்டில் போர்த்துக்கல் நாட்டுப் பிராகாவில் கூடிய சங்கம், தற்கொலை செய்துகொண்டோருக்கு அடக்கச் சடங்குகளை மறுத்தது. 1917ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பும், 1240ஆம் எண்ணில், தெளிந்த மனத்தோடு திட்டமிட்டுத் தம் உயிரைப் போக்கியோருக்கு அடக்கத்தை மறுத்தது. ஆனால் அப்போதும் ஐயம் இருந்தால் ஆயரைக் கேட்க வேண்டும் என்றும், ஐயம் தீராவிடில் அடக்கம் அளிக்க வேண்டும் என்றும் அதே எண் கூறியது. ஊர்ப் பெரியவர்களைக் கேட்கும்படி அது எங்கும் சொல்லவில்லை.

1983இல் புதிய சட்டத் தொகுப்பு வந்தது. அடக்கம் மறுக்கப்பட வேண்டியோரை அதன் 1184ஆம் எண் பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் தற்கொலை செய்துகொண்டோர் இல்லை. எடுத்துவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் வேப்பமரத்தடிகளுக்குச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அப்பட்டியலில் எஞ்சியிருப்போர் யார் என்பதையும் பார்த்துவிடுவோம். நம்பிக்கையை வெளிப்படையாக மறுதலித்தோர். நம்பிக்கைக்கு எதிரான நோக்கத்தோடு எரியூட்டலைத் தேர்ந்துகொண்டோர். இவர்களோடு, மனம் வருந்திய அடையாளம் ஏதுமின்றி இறந்த வெளிப்படையான பாவிகள், அதாவது அடக்கம் அளித்தால் மக்களுக்கு இடறலாக அமையக்கூடியோர். இவர்கள் 1917ஆம் ஆண்டுப் பட்டியலிலும் இருந்தனர். இத்தனை ஆண்டுகளில் நம் பங்குகளில் எந்தக் கந்துவட்டிக்காரருக்காவது, எந்தச் சாராய வியாபாரிக்காவது, இந்தப் பகுதியைக் காட்டி மணி நிறுத்தப்பட்டதுண்டா? நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர்களுக்கும் அடிக்கட்டும். சட்டம், சட்டம் என்று முழங்கியோர் அச்சட்டத்தின் ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்திருந்தது எப்படி என்பதே என் கேள்வி. கல்லறைத் தோட்டங்களுக்குள்ளும் சாதிக்கொரு சுவர் எழுப்பிப் பழகிய நமக்கு, மூலைகளை ஒதுக்குவதில் கைவந்த திறமை உண்டு; அது வேறு கட்டுரைக்குரிய செய்தி.

புனித அகுஸ்தீனாரையும் துணைக்கு அழைப்பர். தற்கொலையைக் கொலை செய்யாதே என்னும் கட்டளைக்குள் வைத்து வாதிட்டவர் அவர்தாம், மறுக்கவில்லை. ஆனால் எந்தச் சூழலில்? 410இல் உரோமை நகர் சூறையாடப்பட்டபோது கெடுக்கப்பட்ட கிறிஸ்தவப் பெண்களை, ஏன் உயிரோடிருக்கிறீர்கள் என்று ஏளனம் செய்தோருக்கு விடையாகத்தான் 'இறைவனின் நகர்' நூலின் முதற்பகுதியில் இவ்வாதத்தை எழுதினார். உயிரோடு எஞ்சிய பெண்களின் மானத்தைக் காக்க எழுந்த வாதம் அது. அதே இடத்தில், அவமானத்திற்கு அஞ்சி உயிர்விட்ட பெண்களை மன்னிக்க மனிதநெஞ்சம் உள்ள எவரும் மறுக்கமாட்டார் என்னும் பொருள்படவும் எழுதியிருக்கிறார். அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

விவிலியத்திலும் ஓர் அடக்கம் உண்டு. கில்போவா மலைப்போரில் தோற்ற சவுல் மன்னர் தம் வாள்மீதே வீழ்ந்து மடிந்தார். பெலிஸ்தியர் அவர் உடலைப் பெத்சானின் மதிலில் தொங்கவிட்டனர். யாபேசு கிலயாதின் வீரர்கள் இரவு முழுவதும் நடந்து சென்று, அவ்வுடலை இறக்கிக் கொண்டுவந்து, எலும்புகளை மரத்தடியில் அடக்கம் செய்து, ஏழு நாள் நோன்பிருந்தனர். சவுல் எப்படி இறந்தார் என்று அவர்கள் விசாரணை நடத்தவில்லை. சவுலால் உயிருக்கு வேட்டையாடப்பட்ட தாவீதோ, இச்செய்தி கேட்டு அவர்களுக்கு ஆசி மொழிந்தார். அவர்களும் மரத்தடியில்தான் கூடினார்கள்!

இனி, கண்ணில் உள்ள கட்டைக்கு வருகிறேன். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் பல வீடுகளில் இருக்கிறது. ஐந்தாம் கட்டளைக்குரிய பகுதியைப் புரட்டிப் பாருங்கள். தற்கொலை பெரும் தீமை என்று அது தெளிவாகவே கற்பிக்கிறது. உடனே, 2282ஆம் எண்ணில், கடும் மனநோயும், மன வேதனையும், துன்பத்தைப் பற்றிய பேரச்சமும் அவ்வாறு இறப்பவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்கிறது. அடுத்த எண், அவர்களுடைய மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது, திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்று முடிகிறது. அங்கேயே நிறுத்தாமல் சில பக்கங்கள் முன்னால் செல்லுங்கள். 2269ஆம் எண். அநியாய வட்டியாலும் பேராசையாலும் உடன்பிறந்தோரைப் பசிக்கும் சாவுக்கும் உள்ளாக்குவோர் மறைமுகமாகக் கொலை செய்கின்றனர், அக்கொலை அவர்கள்மேல் சாரும் என்று எழுதியிருக்கிறது. ஒரே கட்டளை; இடையே பதின்மூன்று எண்கள். அந்த இளைஞனுக்குத் திருச்சபை செபத்தை அளித்தது. 'கொலை' என்ற சொல்லை வேறொருவருக்காக எழுதி வைத்தது. நம் ஊரோ இரண்டையும் இடம் மாற்றி வழங்கிவிட்டது.

இதை மறையுரையில் நான் கேட்டதில்லை. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழக அரசு 2003இல் தனிச் சட்டமே இயற்றியது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக அன்றிக் கடும் மன அழுத்தத்திற்கு உள்ளானவராகக் கருத வேண்டும் என்று இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் வகுத்தது. நாட்டின் சட்டம் நகர்ந்தது. திருச்சபையின் சட்டம் அதற்கு முன்பே நகர்ந்தது. நகராதிருப்போர் நாமே, ஆயர்களையோ குருக்களையோ இதில் குறைகூறிப் பயனில்லை. அன்று பங்குத்தந்தை ஊரில் இருந்திருந்தால் சவப்பெட்டி பீடத்தின் முன் வந்திருக்கும் என்றே நம்புகிறேன். பொதுநிலையினர் திருச்சபை என்று மேடைதோறும் பேசுகிறோம். அதிகாரம் நம் கைக்கு வந்த ஒரு மாலையில் என்ன செய்தோம் பார்த்தீர்களா?

இரக்கம் காட்டினால் இன்னும் பலர் அவ்வழியே போய்விடுவர் என்று நல்லெண்ணத்தோடு அஞ்சுவோரும் உள்ளனர். அவர்களுக்கு மரியாதையோடு விடை சொல்ல வேண்டும். இறந்தவனுக்கு நம் மணி கேட்காது. மணியை நிறுத்திய தண்டனை அவன் தாய்க்கும், மனைவிக்கும், பள்ளி செல்லும் இரு பிள்ளைகளுக்கும். மேலும், அந்த அடக்கத்தில் நின்ற கூட்டத்தில் அதே சோர்வைத் தன்னுள் சுமந்துகொண்டு இன்னொருவர் நின்றிருக்கக்கூடும். தன் எண்ணத்தை யாரிடமாவது சொல்லிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நிலையில் உள்ள அவர், ஊர் எப்படிப் பேசும் என்பதை அன்று கண்டுகொண்டார். இனி அன்பியக் கூட்டத்தில் அவர் வாய்திறப்பாரா? பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூடத் திறப்பாரா என்பது ஐயமே.

ஆர்ஸ் ஊரின் பங்குத்தந்தை புனித ஜான் மரிய வியான்னியைப் பற்றி வழங்கும் நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. தன் உயிரைப் போக்கிக்கொண்ட கணவனை எண்ணி நொறுங்கிய கைம்பெண் ஒருத்தி அவரைத் தேடி வந்தாள். அவர், பாலத்திற்கும் நீருக்கும் இடைப்பட்ட நொடியில் உன் கணவன் மனம் வருந்தினான் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னாராம். பாவத்தைச் சிறிதும் பொறுக்காதவர் எனப் பெயர்பெற்ற குரு அவர். மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் கேட்டவருக்கு மனித உள்ளத்தின் ஆழம் தெரிந்திருந்தது. பதினைந்து நிமிடம் வேப்பமரத்தடியில் அமர்ந்தவர்களுக்கு எல்லாமே தெரிந்திருந்தது.

பங்குத்தந்தை தியானத்திலிருந்து திரும்பிய மறுநாள் காலை, தாமே கோயில் பிள்ளையை அழைத்து மணி அடிக்கச் சொன்னார். இறந்தவனுக்காகத் திருப்பலி நிறைவேற்றிவிட்டு, கல்லறைக்குச் சென்று மந்திரித்தார். முப்பது பேர்வரை வந்திருந்ததாகப் பின்னர் அறிந்தேன். வட்டிக்காரரும் வந்திருந்தார், நற்கருணையும் வாங்கினார். கடைப் பத்திரம் இன்னும் அவர் பெட்டியில்தான் இருக்கிறது. அதைப்பற்றிப் பங்குப் பேரவையில் இதுவரை யாரும் பேசவில்லை. அடுத்த கூட்டம் கல்லறைத் திருநாள் ஏற்பாடுகளுக்காகக் கூடவிருக்கிறது; தோட்டத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் செலவை அவரே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாராம்.