என் தம்பியின் கதையை யார் எழுதுவது?

(இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுப் பேரவைச் செயலாளர் ஹாஸ்டலில் அறை அறையாக வந்தபோது, "மச்சி, 'இளைஞனே எழுந்து வா' மட்டும் வேணாம்டா, ஏற்கனவே ஏழு வந்துருச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டான். எனவே எழுந்து வரச் சொல்லி யாரையும் தொந்தரவு செய்யப் போவதில்லை. நான் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. ஆட்டிசம் உள்ளவர்களே குழந்தைகளுக்காக எழுதிய புத்தகங்களைப் பற்றியது. 'டிப்ளமோக்காரனுக்கு இது எதுக்கு?' என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். டிராயிங் ஷீட்டும் பென்சிலும் இதிலும் வருகின்றன.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். முதலாம் ஆண்டில் உங்களில் நாலைந்து பேர் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அன்று பின்கட்டு அறைக்குள் யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "உள்ள யாருடா?" என்று ஒருத்தன் கேட்டான். "பாட்டிக்கு உடம்பு சரியில்ல" என்றேன். பாட்டி அப்போது உங்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்! நல்லவேளையோ கெட்டவேளையோ, யாரும் கவனிக்கவில்லை. உள்ளே இருந்தது என் தம்பி. தாழ்ப்பாள் போட்டது நான்.

தம்பிக்கு ஆட்டிசம். இப்போது 13 வயது. பேசுவான், ஆனால் நாம் கேட்கும்போது அல்ல, அவனுக்குத் தோன்றும்போது. எங்கள் ஊர் வழியாகப் போகும் பஸ்களின் நேரம் அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவான். அரசாங்க விண்ணப்பத் தாள்களில் இவனைப் போன்றவர்களுக்கு ஒரு பெயர் உண்டு: 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம் உடையோர்'. அப்பா அந்தக் கட்டத்தில் டிக் அடிக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்தேன். காலை 7.40 வண்டி இன்றைக்கு ஆறு நிமிஷம் லேட் என்று அம்மாவிடம் வந்து சொல்கிறவனுக்குப் புற உலகச் சிந்தனை இல்லையாம்! வெளியே நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. உள்ளே இருப்பவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேறு பெயர் கிடைத்திருக்கும்.

உலகம் முழுக்க நடந்ததும் இதுதான். 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைக் கவனித்து எழுதிய கட்டுரையில்தான் இன்றைய பொருளில் ஆட்டிசம் என்ற பேச்சு பரவத் தொடங்கியது. எழுதியவர் டாக்டர், எழுதப்பட்டவர்கள் குழந்தைகள். அதன்பின் பல ஆண்டுகள் பேனா டாக்டர்கள் கையிலேயே இருந்தது. 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் ஒரு தடித்த புத்தகம் போட்டார். அதன் தலைப்பையே தமிழில் சொன்னால் 'காலிக் கோட்டை'. கோட்டை இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை! காரணம் யாரென்றால், பாசம் காட்டாத தாயாம். அந்தக் கொள்கை பிற்பாடு குப்பைக்குப் போய்விட்டது. ஆனால் அதற்குள் எத்தனை தாய்மார்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றிருப்பார்கள்! எங்கள் அம்மாவையே ஒரு உறவுக்காரர், "மாசமா இருக்கும்போது சதா டிவி பாத்தே, அதான்" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சொன்னார். அவர் பெட்டல்ஹைம் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்.

தம்பி போகும் பயிற்சி மையத்து மேடம் ஒருநாள் இரண்டு ஆங்கிலப் புத்தகங்களை என் கையில் கொடுத்து, "அண்ணன்காரன் நீ படிச்சு அவனுக்குச் சொல்லு" என்றார். நம் ஆங்கிலம்தான் தெரியுமே! டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செமஸ்டர் லீவு முழுக்கப் படித்தேன்.

முதல் புத்தகம் டெம்பிள் கிராண்டின் எழுதிய 'காலிங் ஆல் மைண்ட்ஸ்'. 2018-ல் சிறுவர் சிறுமியருக்காக வந்தது. எழுதியவர் யார் தெரியுமா? 1947-ல் பாஸ்டனில் பிறந்து, மூன்றரை வயது வரை பேச்சே வராத ஒரு குழந்தை. விடுதியில் சேர்த்துவிடுங்கள் என்று சொன்ன காலம் அது. தாய் மறுத்துவிட்டார். பதின்வயதில் அத்தையின் மாட்டுப் பண்ணைக்குப் போன கிராண்டின், ஊசி போடுவதற்காக மாட்டை இருபுறமும் பலகையால் அணைத்துப் பிடிக்கும் ஒரு சட்டத்தைப் பார்க்கிறார். மிரண்ட மாடு அதற்குள் அமைதியாவதையும் பார்க்கிறார். உடனே தனக்கும் அதே போல் ஒன்று மரப்பலகையில் செய்துகொள்கிறார்! பள்ளியில் சிலர் அதைப் பிடுங்கப் பார்த்தார்கள். கார்லாக் என்ற அறிவியல் ஆசிரியர் மட்டும், 'இந்த அழுத்தம் ஏன் அமைதி தருகிறது என்று கண்டுபிடி பார்ப்போம்' என்று படிப்பின் பக்கம் திருப்பிவிட்டார். அவர்தான் வாத்தியார்!

பின்னாளில் மாடுகளை நடத்திச் செல்லும் குறுகலான பாதைகளை வடிவமைப்பதே அவர் தொழிலாயிற்று. மாடு ஏன் நின்றுவிடுகிறது என்று தெரியாமல் எல்லோரும் அடித்துக்கொண்டிருந்தபோது, இவர் பாதைக்குள் குனிந்து இறங்கி மாட்டின் கண் உயரத்தில் படம் எடுத்தார். ஒரு நிழல், தொங்கும் ஒரு சங்கிலித் துண்டு, வேலியில் யாரோ போட்டுவிட்டுப் போன மழைக்கோட்டு, அவ்வளவுதான் காரணம்! வட அமெரிக்க இறைச்சிக் கூடங்களில் ஏறக்குறைய பாதி மாடுகள் இவர் வடிவமைத்த சாதனத்தின் வழியாகத்தான் போகின்றன. இறைச்சிக் கூடம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். சாகப் போகிற மாடும் கடைசி வரை மிரளாமல் போக வேண்டும் என்பது அவர் கட்சி.

இவருக்கு டிராயிங் எப்படி வந்தது என்பதைக் கேளுங்கள். கூட வேலை பார்த்த டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர் வரைவதைப் பார்த்தார். அவர் வைத்திருந்த அதே வகைப் பென்சில், அதே உபகரணங்கள் வாங்கினார். ஒரு தொழிற்சாலையின் புளூபிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு, தாளில் உள்ள ஒவ்வொரு கோடும் நிஜத்தில் எந்தத் தூண், எந்தச் சுவர் என்று நடந்து நடந்து பார்த்தார். முதல் செமஸ்டரில் ஐசோமெட்ரிக் வியூ புரியாமல் பக்கத்து ஷீட்டைப் பார்த்து வரைந்த நான் இந்த இடத்தைப் படித்தபோது வெட்கப்பட்டேன்.

சிறுவர் புத்தகத்துக்கு வருவோம். அதில் அழுகை இல்லை, அனுதாபம் இல்லை. பேப்பர், மரம், நெம்புகோல், கப்பி, பறக்கும் பொருள்கள் என்று கையால் செய்து பார்க்கும் வேலைகள்தான். நடுநடுவே தன் கதை. தாத்தா ஜான் பர்வ்ஸ், விமானத்தில் ஆட்டோபைலட்டுக்குத் திசை காட்டும் கருவியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் என்பதும், பேத்தியின் ஓயாத கேள்விகளுக்குப் பதில் சொன்னவர் என்பதும் வருகிறது. சிறு வயதில் ஸ்கார்ஃப் துணியில் பாரசூட் செய்ததும், கயிறு சிக்காமல் இருக்க ஹேங்கர் கம்பியை வெட்டிக் குறுக்கே கட்டியதும் அவர் சொல்கிற கதைகளில் உண்டு. 'என்னைப் போல் ஒருத்தி' என்று அவர் எங்கேயும் கூவி அழைக்கவில்லை. 'இந்தா, இதைச் செய்து பார்' என்கிறார். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா?

இரண்டாவது புத்தகம் கதை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எல் மெக்னிகோல் எழுதிய 'எ கைண்ட் ஆஃப் ஸ்பார்க்', 2020-ல் வந்தது. எழுதியவருக்கும் ஆட்டிசம் உண்டு. கதாநாயகி அடி என்ற சிறுமி. சுறா மீன் என்றால் உயிர். தொடக்கத்திலேயே கையெழுத்து சரியில்லை என்று டீச்சர் வகுப்பின் முன்னால் அவளை அவமானப்படுத்தி, அவள் எழுதியதைக் கிழித்துப் போடுகிறார். நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். தம்பி படித்த ஒரு பள்ளியில் நடந்தது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன்.

அந்தச் சிறுமி தன் கிராமத்தில் முன்பு சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்ட பெண்களைப் பற்றித் தெரிந்துகொள்கிறாள். அவர்களுக்கு நினைவுச் சின்னம் வேண்டும் என்று ஊரோடு மல்லுக்கு நிற்கிறாள். கிராமம் கற்பனை, ஆனால் சரித்திரம் நிஜம். ஸ்காட்லாந்தில் 1563 முதல் 1736 வரை சூனியத்துக்கு எதிரான சட்டம் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் மீது பழி சுமத்தப்பட்டது, பெரும்பாலும் பெண்கள். புத்தகம் வந்த பிறகு, 2022 மார்ச்சில், அன்றைய முதன்மை அமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். (வேறு சிலர் தனியாகப் போராடி வாங்கியது அது. புத்தகத்தால் வந்ததென்று நான் கதை விடவில்லை!) அன்று 'வித்தியாசமானவள்' என்று கொளுத்தினார்கள், தானும் அன்று பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தச் சிறுமி யோசிக்கிறாள். வெளியே நின்று எழுதுகிறவருக்கு இந்தப் பயம் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான். 2021-ல் வாட்டர்ஸ்டோன்ஸ் சிறுவர் இலக்கியப் பரிசு, புளூ பீட்டர் பரிசு இரண்டையும் அது தட்டிச் சென்றது. 2023-ல் பிபிசி சிறுவர் அலைவரிசையில் தொடராக வந்தபோது, அத்தகைய பாத்திரங்களில் அப்படிப்பட்டவர்களையே நடிக்க வைத்தார்கள்.

இதை மெஸ்ஸில் சொன்னபோது ஒருத்தன் மடக்கினான்: "அப்ப பேய்க்கதை எழுதணும்னா செத்துட்டுத்தான் வரணுமாடா?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நியாயமான கேள்விதான். மார்க் ஹாடன் என்ற ஆங்கில எழுத்தாளர் 2003-ல் எழுதிய 'தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் த டாக் இன் த நைட்-டைம்' உலகப் புகழ் பெற்றது. கதை சொல்லும் பையன் ஆட்டிசம் உள்ளவனாகவே வாசகர்களுக்குத் தெரிந்தான். ஆட்டிசம் பற்றித் தான் பெரிதாக ஆராய்ச்சி ஒன்றும் செய்யவில்லை என்று ஹாடனே ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. கற்பனையை யாரும் பூட்டி வைக்கக் கூடாது. ஆனால் அந்த நாவலைப் பாடப்புத்தகமாக எடுத்துக்கொண்ட வாசகர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம்தான் எனக்குச் சண்டை. பேய் வந்து நம் கதையைப் படித்து, 'நான் இப்படியா?' என்று அழப் போவதில்லை. என் தம்பி படிப்பான்.

நம் பாஷையில் சொன்னால், டாக்டர் எழுதியது ஃபிரண்ட் வியூ. பெற்றோர் எழுதுவது சைடு வியூ. தமிழில் யெஸ். பாலபாரதி 'சந்துருவுக்கு என்னாச்சு?' என்று சிறுவர் நாவலே எழுதியிருக்கிறார், கட்டாயம் தேடிப் படியுங்கள். ஆனால் உள்ளே இருப்பதை வெளியிலிருந்து காட்ட வேண்டுமென்றால் புள்ளிக்கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். செக்‌ஷனல் வியூ வேண்டுமென்றால் உள்ளே இருப்பவரே வரைய வேண்டும். இங்கிலாந்தில் 2019-ல் லிபி ஸ்காட் என்ற 11 வயதுச் சிறுமி, ரெபெக்கா வெஸ்ட்காட் என்ற எழுத்தாளருடன் சேர்ந்து 'கேன் யூ சீ மீ?' என்ற நாவலை எழுதினாள். புதிய பள்ளிக்குப் போகும் ஆட்டிசம் உள்ள பெண்ணின் கதை. கானர் பார்த்த குழந்தைகள் 11 பேர், இவளுக்கு வயது 11. இடையில் 76 வருஷம்!

இதிலும் ஒரு வம்பு உண்டு. நெதர்லாந்து எழுத்தாளர் கோரின் டைவிஸ், அவரும் ஆட்டிசம் உள்ளவரே, 2015-ல் இப்படிப்பட்ட புத்தகங்களுக்கு 'ஓன் வாய்ஸஸ்' என்று ஒரு பெயர் வைத்தார். நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். போகப் போக, எழுதுகிறவரெல்லாம் 'நான் இன்னார்' என்று சர்டிபிகேட் காட்ட வேண்டியதாயிற்று. வெளியே சொல்ல விருப்பமில்லாதவர்கள் பாடு திண்டாட்டம். அமெரிக்காவில் பன்முகச் சிறுவர் இலக்கியத்துக்காக இயங்கும் ஓர் அமைப்பு 2021-ல் அந்தச் சொல்லையே கைவிட்டது. பஸ் பாஸுக்குச் சான்றிதழ் காட்டலாம், கதைக்குமா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவர்கள் எல்லோரும் எழுத முடிந்தவர்கள். என் தம்பி எழுதுவானா, தெரியாது. கிராண்டினே முதலில், தன்னைப் போல் எல்லா ஆட்டிசம்காரர்களும் படங்களாகத்தான் யோசிப்பார்கள் என்று எழுதினார். பிறகு அது தப்பு, சிலர் சொற்களால், சிலர் எண்களால், ஒழுங்குகளால் யோசிக்கிறார்கள் என்று பத்து வருஷம் கழித்துத் தன் புத்தகத்திலேயே திருத்தினார். ஆகவே அவர் புத்தகத்தைப் படித்துவிட்டு என் தம்பியைத் தெரிந்துவிட்டது என்று சொன்னால், நானும் அந்த உறவுக்காரரும் ஒன்றுதான்.

பாரசூட் கதையை அவனுக்குச் சொன்னேன். காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. மூன்றாம் நாள் அம்மாவின் பழைய கைக்குட்டையும் தைக்கிற நூலும் மொட்டை மாடியில் கிடந்தன. நாலு தடவை நூல் சிக்கியது. ஐந்தாவது தடவை கொடியில் இருந்த ஹேங்கரை எடுத்து என் கையில் கொடுத்தான். ஒன்றும் பேசவில்லை. கட்டிங் பிளேயரை நான் எடுத்து வந்தேன்.

இந்த வருஷமும் திருவிழா சித்திரையில்தான். எல்லோரும் வாங்க. தம்பி திண்ணையில்தான் இருப்பான். நீங்கள் வந்த பஸ் நம்பரைக் கேட்பான், முகத்தைப் பார்க்க மாட்டான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மா மிக்ஸி போட்டால் எழுந்து ஓடுவான், அது உங்களால் இல்லை. மாடிக்குக் கூட்டிப் போனால் போங்கள். நூலை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள், பயங்கரக் கோபம் வரும்.