சிப்பாயின் முதுகுச் சுமை குறையாதது ஏன்?

2025 ஜனவரி 15ஆம் தேதி புனேயில் நடைபெற்ற ராணுவ தின அணிவகுப்பில் நான்கு கால் இயந்திரங்கள் சில நடந்து சென்றன. கோவேறு கழுதையைப் போல் மலையில் பொதி சுமக்கவும் உதவுபவை அவை. ஏவுகணைகள் பெருகிவிட்ட இக்காலத்திலும் காலாட்படைச் சிப்பாயின் சுமை தீராத பிரச்னையாகவே இருக்கிறது என்பதற்கு இது சான்று.

சுமையின் கணக்கு எளிது. இன்சாஸ் துப்பாக்கி மட்டும் 4 கிலோவுக்கு மேல். தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ. தோட்டாக்கள், கையெறி குண்டுகள், இரும்புத் தொப்பி, குண்டு துளைக்காத கவசம், உணவு, படுக்கை, வயர்லெஸ், பாட்டரி என்று சேர்த்தால் 25 கிலோவைத் தாண்டுவது சாதாரணம்.

லாரி இல்லையா என்று கேட்கலாம். லாரி சாலை முடியும் இடம் வரைதான் வரும். 1999 கார்கில் போரில் தோலோலிங், டைகர் ஹில் போன்ற 15,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களை நம் ஜவான்கள் இரவில் ஏறிப் பிடித்தனர். காற்று மெலிந்த அந்த உயரத்தில் ஹெலிகாப்டரின் தூக்கும் திறனும் குறைந்துவிடும். கடைசி ஏற்றம் மனிதன் முதுகில்தான்.

வசதி படைத்த நாடுகளுக்கும் இதே கதிதான். 1982 மே 25ஆம் தேதி, பாக்லாந்து போரில் பிரிட்டனின் அட்லாண்டிக் கன்வேயர் கப்பல் தாக்கப்பட்டு, மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் அழிந்தன. பிரிட்டிஷ் துருப்புகள் சுமார் 80 ராத்தல் சுமையுடன் 50 மைலுக்கு மேல் நடக்க நேர்ந்தது.

பொருள்கள் லேசானால் போதும் என்பதும் முழு உண்மையன்று. கொண்டாப்பூரிலிருந்து பார்த்தால் நம் நகரின் மறுகோடியில், காஞ்சன்பாக்கிலுள்ள மிதானி நிறுவனம் ‘பாபா கவச்’ என்னும் கவசத்தைத் தயாரிக்கிறது. டெல்லி ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘அபேத்’ கவசத்தின் குறைந்தபட்ச எடை 8.2 கிலோ என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய முயற்சிகளே. ஆயினும் ஒன்று லேசானால், மிச்சமான இடத்தில் இருட்டில் பார்க்கும் கருவியும் அதற்கான பாட்டரியும் ஏறிக்கொள்கின்றன.

அமெரிக்க ராணுவ எழுத்தாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் இதன் காரணத்தை 1950லேயே ஆராய்ந்தார். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மேலிடம் சேர்க்கும் பொருள்களே சிப்பாயை அழுத்துகின்றன என்பது அவர் வாதம். 1944இல் நார்மண்டி கரையில் இறங்கிய வீரர்கள் சுமையால் சோர்ந்து தவித்ததை அவர் எடுத்துக்காட்டினார்.

மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு மூட்டையை இறக்கியதும் வேலை முடிந்தது. சிப்பாய்க்கோ மலை ஏறிய பிறகுதான் வேலையே தொடங்குகிறது. அப்போது அவனிடம் தெம்பு மிஞ்சியிருக்க வேண்டும். ஆகவே, எதை எடுத்துச் செல்வது என்று பட்டியல் போடுமுன் எதை விட்டுச் செல்லலாம் என்று சுமப்பவனைக் கேட்பது நல்லது. இயந்திரக் கழுதைகள் எத்தனை வந்தாலும் இந்தக் கேள்வி மிஞ்சும்.